சுவரைத் தள்ள முடியாதபோது

எமது பங்கின் கிளையூர் ஒன்றில் ஒரு சிற்றாலயம் உண்டு. இன்றைய முதியோரின் பாட்டனார் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்டது. நீளம் 30 அடி. அகலம் 16 அடி. பீடத்தின் பின்சுவரை உரசிக்கொண்டு தெரு செல்கிறது. தெற்கே மழைநீர் வாய்க்கால். வடக்கே அடுத்தவர் வீடு. அவ்வீட்டை நோக்கிய சாளரம் பல ஆண்டுகளுக்கு முன்பே செங்கல் வைத்து அடைக்கப்பட்டுவிட்டது. கட்டியவர்கள் 40 குடும்பங்களை நினைத்துக் கட்டினார்கள். இன்று அதைப்போல் மும்மடங்கு குடும்பங்கள் அவ்வூரில் உள்ளன. ஞாயிறு திருப்பலியின்போது உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றில்லை. வெளியே நிற்பவர்களுக்குப் பீடம் தெரிவதில்லை.

இதுபற்றிப் பேச ஊரார் கூடிய மாலையில் மூன்று கருத்துகள் எழுந்தன. ஆலயத்தை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே பெரிதாகக் கட்ட வேண்டும் என்றனர் சிலர். பீடத்தின் பின்சுவர் முழுவதும் கடலும் மலையும் வானமும் தோன்றும் பெரிய வண்ணப்படம் ஒன்றை ஒட்டிவிட்டால், உள்ளே நுழைபவர்களுக்கு இடம் விரிந்தாற்போல் தெரியும் என்றனர் இளைஞர். "இருக்கிறதை ஒழுங்கா வச்சுக்கிட்டாலே பாதி இடம் கிடைக்கும் சாமி" என்றார் ஒரு முதியவர்.

இளைஞரின் யோசனையைக் கேட்டுச் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாள்களில் அறிந்த மிலான் நகரத்து ஆலயம் ஒன்று நினைவுக்கு வந்தது. அங்கும் பீடத்தின் பின்னே தெருதான். சுவரைத் தள்ள வழியில்லாத நிலையில் அங்கே ஒரு கலைஞர் செய்த காரியம், ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகத்தாரை வியக்க வைக்கிறது. சிறிய இடத்தைப் பெரிதாகக் காட்டும் ஆசை நம் ஊர் இளைஞர்களுக்கு இன்று தோன்றியதன்று. திருச்சபையின் வரலாற்றில் அதற்கு நீண்ட மரபு உண்டு. அம்மரபைச் சற்று நிதானமாகப் பார்த்தால், எது இடத்தைப் பெரிதாக்குகிறது, எது பெரிதாக்குவதுபோல் காட்டுகிறது என்பது விளங்கும்.

யூப்பிரத்தீசு கரையில் ஒரு வீடு

திருச்சபை வளர்ந்ததே சிறிய அறைகளில்தான். முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் வீடுகளிலேயே கூடி வழிபட்டனர். அத்தகைய வீடுகளுள் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழமையான ஒன்று, இன்றைய சிரியா நாட்டில், யூப்பிரத்தீசு ஆற்றங்கரையில் இருந்த தூரா யூரோப்போஸ் என்னும் கோட்டை நகரத்தில் இருந்தது. 1931-32ஆம் ஆண்டுகளின் அகழ்வுப் பருவத்தில் அது வெளிப்பட்டது. கி.பி. 256இல் பாரசீகப் படையிடம் அந்நகரம் வீழ்ந்தது. முற்றுகைக்கு முன்னர் உரோமை வீரர்கள் கோட்டை மதிலை வலுப்படுத்த, மதிலை ஒட்டியிருந்த வீடுகளை மண்ணால் நிரப்பினார்கள். அந்த மண்ணே இவ்வழிபாட்டு வீட்டின் சுவர்களைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருந்தது.

அது சாதாரணக் குடும்பம் ஒன்று குடியிருந்த வீடு. முற்றத்தைச் சுற்றி அறைகள். அதை வழிபாட்டுக்கு மாற்றியபோது அந்தக் கிறிஸ்தவர்கள் செய்த முதன்மையான வேலை, அடுத்தடுத்து இருந்த இரண்டு அறைகளுக்கு நடுவே நின்ற தடுப்புச் சுவரை எடுத்ததுதான். அதனால் ஏறத்தாழ 13 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கூடம் கிடைத்தது. அறுபது எழுபது பேர் கூடலாம். அந்தக் கூடத்தில் அவர்கள் ஓவியம் தீட்டவில்லை. ஓவியங்களை எல்லாம் வேறொரு சிறிய அறையில், திருமுழுக்கு அறையில் தீட்டினார்கள். தோளில் ஆட்டைச் சுமந்துவரும் நல்ல ஆயன், நீர்மேல் நடக்கும் பேதுரு, கல்லறையை நோக்கிச் செல்லும் பெண்கள் ஆகிய காட்சிகள் அங்கே இருந்தன. திருமுழுக்குத் தொட்டியின் மேலிருந்த சிறிய வளைகூரையின் உட்புறத்தில் கருநீல நிறம் பூசி விண்மீன்களை எழுதியிருந்தார்கள்.

நெருக்கமான ஓர் அறை. அதில் ஒரு தொட்டி. அத்தொட்டியின் மேல் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு வானம். புதிதாய் விசுவாசம் ஏற்றவர் நீரிலிருந்து நிமிரும்போது அவர் கண்ணில் படுவது விண்மீன்கள். அதைக் கண்டு உண்மை வானம் என்று எவரும் ஏமாந்திருக்க மாட்டார். ஏமாற்றவும் அவர்கள் எண்ணவில்லை. கூடுவதற்கு இடம் வேண்டிய அறையில் சுவரை எடுத்தார்கள். பொருளுக்கு இடம் வேண்டிய அறையில் வண்ணம் பூசினார்கள். இவ்விரண்டு வேலைகளையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை.

மிலான் நகரத்துப் பின்சுவர்

இனி மிலானுக்கு வருவோம். புனித அம்புரோசியாரின் உடன்பிறந்தவர் சத்தீரு. அவர் பெயரால் 9ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் அன்ஸ்பெர்த்தோ ஒரு சிற்றாலயம் எழுப்பினார். அதன் வெளிச்சுவரில் அன்னை மரியா குழந்தை இயேசுவை ஏந்தியிருக்கும் ஓவியம் இருந்தது. 1242இல் சூதாட்டத்தில் தோற்ற ஓர் இளைஞன் ஆத்திரத்தில் அந்த ஓவியத்தைக் கத்தியால் குத்தினான் என்றும், குத்திய இடத்தில் இரத்தம் கசிந்தது என்றும் மரபு கூறுகிறது. அது முதல் மக்கள் திரளாய் அங்கு வரத் தொடங்கினர். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஓவியத்துக்கென்று ஒரு புதிய ஆலயம் கட்ட முடிவு செய்தார்கள். அதுவே 'சத்தீரு அருகில் உள்ள தூய மரியா' என்னும் பொருள்படும் பெயர் கொண்ட இன்றைய ஆலயம்.

வேலையில் முக்கிய பங்கேற்றவர் தொனாத்தோ பிரமாந்தே. 1444இல் உர்பீனோ நகரின் அருகே பிறந்தவர். ஓவியராகத் தொடங்கிக் கட்டடக் கலைஞரானவர். சிலுவை வடிவில், நடுவே குவிமாடத்துடன் அமைய வேண்டிய ஆலயம் அது. சிலுவைக்கு நான்கு கைகள் வேண்டும். நடுக்கூடம் ஒரு கை. இருபுறக் குறுக்குக்கூடங்கள் இரண்டு கைகள். நான்காவது கை பீடத்தின் பின்னே நீள வேண்டும். ஆனால் அங்கே தெரு குறுக்கிட்டது. சுவரை ஓரடிகூட வெளியே தள்ள முடியாது. நான்காவது கை இல்லாவிடில் குவிமாடம் நடுவில் அமர்ந்ததாகத் தோன்றாது. ஆலயமே பின்சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதாய்த் தோன்றும்.

1480களில் பிரமாந்தே அந்தப் பின்சுவரிலேயே நான்காவது கையைச் செய்தார். அவர் கையாண்ட முறையை நம் ஊர்ச் சாலையைக் கொண்டே விளக்கலாம். இருபுறமும் பனைகள் நிற்கும் நேரான சாலையில் நின்று பார்த்தால், அருகிலுள்ள பனை உயர்ந்தும் தொலைவிலுள்ளது குட்டையாயும் தெரிகின்றன. இடைவெளிகள் போகப் போகக் குறுகுகின்றன. சாலையின் இரு ஓரங்களும் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் தோன்றுகின்றன. பனைகள் ஒரே உயரந்தான் என்று மனத்துக்குத் தெரியும். ஆகவே, 'சிறிதாய்த் தெரிவது தொலைவில் இருக்கிறது' என்று கண் கணக்கிடுகிறது. இந்தக் கணக்கைக் கோடுகளாக வகுத்துக் காட்டியவர்கள் அதே நூற்றாண்டில் வாழ்ந்த பிளாரன்சு நகரத்துப் புரூனெல்லெஸ்கி போன்ற கலைஞர்கள். லெயோன் பத்திஸ்தா அல்பெர்த்தி 1435இல் அதை நூலாகவே எழுதினார். கண்ணின் இந்தக் கணக்கைப் பிரமாந்தே திருப்பிப் பயன்படுத்தினார். அடுத்தடுத்து வரும் தூண்களை மெய்யாகவே குட்டையாக்கினார், இடைவெளிகளைக் குறுக்கினார், வளைகூரையின் சதுரக் குழிகளை வரிசைக்கு வரிசை சிறிதாக்கினார். சுடுமண்ணும் சுண்ணச்சாந்தும் வண்ணமுமே அவருக்குக் கருவிகள்.

வாசலில் நின்று பார்ப்பவருக்குப் பீடத்தின் பின்னே ஆழ்ந்து செல்லும் ஒரு வளைகூரைக் கூடம் தெரிகிறது. குறுக்குக்கூடங்களுக்கு ஈடான ஆழம் இருக்கும் என்றே எண்ணத் தோன்றும். நடந்து அருகில் சென்றால், தூண்கள் சரிகின்றன, வளைவு நசுங்குகிறது. கடைசியில் கைக்கு எட்டுவது சுவர். அந்தக் கூடத்தின் உண்மையான ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைவு.

இது ஏமாற்று வேலை அன்றோ என்று கேட்கலாம். நானும் மாணவனாக இருந்தபோது கேட்டேன். இறைவனின் இல்லத்தில் இல்லாத ஒன்றை இருப்பதாய்க் காட்டுவது முறையா? இன்று எனக்கு அவ்வளவு கடுமையாகத் தீர்ப்பிடத் தோன்றவில்லை. பிரமாந்தே எதையும் மறைத்து வைக்கவில்லை. விரும்பியவர் நான்கு அடி முன்னே நடந்தால் போதும்; உண்மை தெரிந்துவிடும். மேலும், அக்கோடுகள் யாவும் கண்ணை இழுத்துச் செல்லும் இடத்தில் பீடம் இருக்கிறது. பீடத்தின் மேலே, கத்திக்குத்துப் பட்டதாகச் சொல்லப்படும் அந்தப் பழைய அன்னையின் படம் இருக்கிறது. கலைஞர் தம் திறமையைப் பார்க்கச் சொல்லவில்லை. அன்னையைப் பார்க்கச் செய்கிறார்.

ஆனால் இதில் குருவாகிய எனக்கு உறைக்கின்ற ஒரு செய்தி உண்டு. அந்த ஆலயத்தின் பெருமை முழுவதும் யாருக்குத் தெரிகிறது? வாசலருகே நிற்பவருக்கு. பீடத்தை நெருங்க நெருங்க அது குலைகிறது. பீடத்தருகே நிற்கும் குரு திரும்பிப் பார்த்தால் அவருக்குத் தெரிவது சரிந்த தூண்களும் சுண்ணச்சாந்தும் மட்டுமே. பீடத்துக்கு மிக அருகில் இருப்பதனாலேயே எல்லாவற்றையும் நன்றாகக் காண்கிறோம் என்று எண்ணுகின்ற எம் போன்றோருக்கு மிலான் நகரத்துச் சுவர் வேறொன்று சொல்லுகிறது.

அதே ஆலயத்தில் பிரமாந்தே அமைத்த எண்கோண வடிவப் பொருளறையையும் குறிப்பிட வேண்டும். அதுவும் சிறியதே. அங்கே அவர் பொய்த்தோற்றம் எதையும் செய்யவில்லை. உயர்ந்த சுவர்களின்மேல் உச்சியிலிருந்து ஒளி இறங்கும்படி செய்தார். ஒளி மேலிருந்து வந்தால் பார்வையும் மேலே செல்லும். பார்வை மேலே சென்றால் தரையின் குறுகல் மறந்துவிடும்.

இந்தப் பிரமாந்தேயைத்தான் பின்னர் திருத்தந்தை இரண்டாம் ஜூலியுஸ் உரோமையில் புதிய புனித பேதுரு பேராலயத்தை வடிவமைக்க அழைத்தார். 1506 ஏப்ரல் 18இல் அதன் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு மீட்டரும் கிடைக்காத இடத்தில் உழைத்தவருக்குக் கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய இடம் தரப்பட்டது. அது நிறைவடைவதைக் காண அவர் இருக்கவில்லை, 1514இல் இறந்தார்.

உரோமையின் இரண்டு நடைகள்

மிலானில் தேவையால் பிறந்த வித்தை, அடுத்த இரு நூற்றாண்டுகளில் உரோமையில் விருப்பத்துக்காகவும் செய்யப்பட்டது. கர்தினால் பெர்னார்தீனோ ஸ்பாதாவின் மாளிகையில் 1652-53இல் பொரோமீனி என்னும் பெருங்கலைஞர் தூண்கள் நிறைந்த ஒரு நடையை அமைத்தார். கணக்கில் அவருக்கு உதவியவர் அகுஸ்தீன் சபைத் துறவி ஒருவர். பார்ப்பவருக்கு முப்பது மீட்டருக்கு மேல் நீள்வதாகத் தோன்றும் அந்நடையின் உண்மை நீளம் ஏறத்தாழ 9 மீட்டர். தரை சிறிது சிறிதாக உயர்கிறது, கூரை தாழ்கிறது, சுவர்கள் நெருங்குகின்றன. கோடியில் ஆளுயரமாகத் தோன்றும் சிலை, அருகில் சென்றால் ஒரு மீட்டர் உயரமும் இல்லை. கர்தினால் இதைக் கண்டு மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. உலகப் பெருமை தொலைவில் பெரிதாகத் தோன்றி அருகில் சிறுத்துப்போவதற்கு இதுவே உவமை என்னும் கருத்தில் இலத்தீனில் கவிதையும் எழுதினார். தம் வீட்டுத் தோட்டத்திலேயே தமக்கு ஒரு மறையுரை வைத்துக்கொண்டார் எனலாம்.

மற்றொரு நடை இயேசு சபையின் தாய் ஆலயத்தை ஒட்டிய இல்லத்தில் உள்ளது. புனித இஞ்ஞாசியார் 1544 முதல், 1556 ஜூலை 31இல் இறக்கும் வரை, அங்கே சில சிறிய அறைகளில் வாழ்ந்தார். தாழ்ந்த மரக்கூரை, எளிய சுவர்கள். அங்கிருந்தே சபையின் சட்டத்தொகுப்பை எழுதினார். அவர் இறக்கும்போது சபையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தனர். நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியாரின் கடிதங்களும் கடல் கடந்து உரோமையிலிருந்த இச்சபையாரிடமே சென்று சேர்ந்தன. பழைய இல்லம் பின்னர் மாற்றிக் கட்டப்பட்டபோதும் இந்த அறைகளை மட்டும் இடிக்காமல் புதிய கட்டடத்துக்குள் அப்படியே காத்தார்கள்.

அவ்வறைகளுக்கு இட்டுச் செல்லும் குறுகிய நடையை 1680களில் வண்ணங்களால் நிறைத்தவர், இயேசு சபையின் துறவறச் சகோதரர் அந்திரேயா பொத்சோ. 1642இல் திரெந்து நகரில் பிறந்தவர். 1681இல் உரோமைக்கு வந்தவர். நடையின் நடுவே குறிக்கப்பட்ட இடத்தில் நின்றால், சுவர்கள் விலகித் தூண்களும் வளைவுகளும் எழுந்து, வானதூதர்கள் விளையாடும் ஒரு மண்டபம் தோன்றுகிறது. இரண்டு எட்டு விலகினால் தூண்கள் வளைகின்றன. வானதூதரின் கைகால்கள் இழுபட்டு நீள்கின்றன. புனித இஞ்ஞாசியார் பெயரால் உரோமையில் எழுந்த பெரிய ஆலயத்துக்குக் குவிமாடம் கட்ட முடியாமல் போனபோது, 1685இல் துணியில் குவிமாடம் தீட்டி மேலே பொருத்தியவரும் இவரே. அங்கும் நிற்க வேண்டிய இடம் தரையில் குறிக்கப்பட்டுள்ளது. இம்முறைகளை விளக்கி 1693இலும் 1700இலும் இரண்டு பகுதிகளாகப் பெருநூல் வெளியிட்டார். ஓவியர் தம் கோடுகள் அனைத்தையும் இறை மகிமை என்னும் ஒரே புள்ளியை நோக்கி இழுக்கட்டும் என்று அந்நூலின் முன்னுரையில் அறிவுரை சொன்னார்.

பொத்சோவின் வானதூதர்களைக் கண்டு வியந்தபடி நடையைக் கடந்து வருபவர், முடிவில் இஞ்ஞாசியாரின் தாழ்ந்த அறைக்குள் நுழைகிறார். அங்கே வண்ண மண்டபம் இல்லை. உலகின் கோடிகளுக்கு ஆள்களை அனுப்பிய அறை அது; அதை எவரும் பெரிதாக்கிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

துறவியின் அறையில் ஒரு சாளரம்

காலவரிசையில் சற்றுப் பின்னே செல்ல வேண்டும். பிரமாந்தேக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், பிளாரன்சு நகரில் புனித மாற்கு துறவற இல்லத்தில் வேறொரு வழி கையாளப்பட்டது. 1436இல் தொமினிக்கன் சபையார் அவ்வில்லத்தைப் பெற்றனர். செல்வர் கோசிமோ தே மேதிச்சியின் பொருளுதவியால் அது புதுக்கிக் கட்டப்பட்டது. மாடியில் துறவிகளுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறிய சாளரம். அதன் அருகே ஈரச்சுண்ணத்தில் தீட்டிய ஓர் ஓவியம். தீட்டியவர் அதே சபைத் துறவி ஃபிரா ஆஞ்செலிக்கோவும் அவருடைய துணைவர்களும். 1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக ஏற்றார்.

ஃபிரா ஆஞ்செலிக்கோவுக்குத் தூரக்காட்சிக் கணக்கு தெரியாதது அன்று, நன்றாகவே தெரியும். ஆயினும் அறையை மண்டபமாக்க அவர் முயலவில்லை. மங்கள வார்த்தைக் காட்சி தீட்டிய ஓர் அறையில், வானதூதரும் மரியாவும் இருக்கும் இடம் அத்துறவியின் அறையைப் போலவே வெண்சுவரும் வளைகூரையும் கொண்ட வெற்றிடமாக இருக்கிறது. பொன் இல்லை, திரை இல்லை, பூச்சாடி இல்லை. ஒரு சாளரம் தெருவையும் வானத்தையும் காட்டுகிறது. பக்கத்தில் இருக்கும் ஓவியம் மீட்பின் நிகழ்ச்சியைக் காட்டுகிறது. இந்தப் படத்துக்குத் தரையில் புள்ளி குறிக்க வேண்டியதில்லை. துறவி நின்றாலும், முழந்தாளிட்டாலும், நோயுற்றுப் படுத்திருந்தாலும் அது குலைவதில்லை. ஏனென்றால் அது கண்ணை ஏமாற்றவில்லை. கண்ணுக்கு ஓர் இடம் தருகிறது.

வெளிச்சுவரும் உட்சுவரும்

தூராவில் கிறிஸ்தவர்கள் எடுத்த தடுப்புச் சுவரை நினைக்கும்போது, நம் மண்ணில் எழுந்த மற்றொரு சுவரை நினையாமல் இருக்க முடியவில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருக்குடும்ப ஆலயம் கட்டப்பட்டது. இரண்டு கூடங்கள் இருபுறமிருந்து வந்து ஒரே பீடத்தருகே சந்திக்கும் வடிவம் அது. இரு கூடங்களுக்கும் இடையே சுவர். சாதி வேறுபாட்டின்படி மக்கள் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பலியில் பங்கேற்பதற்காக அப்படிச் செய்தார்கள். அது சிறிய ஆலயம் அன்று. ஆயினும் அதைவிடக் குறுகிய ஆலயம் இருக்க முடியுமோ? 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

பிரமாந்தே ஒரு மீட்டரில் ஒரு கூடத்தைக் காட்டினார். நாமோ பெரிய கூடங்களைக் கட்டி, நடுவே ஒரு சாண் சுவர் வைத்துச் சிறிதாக்கினோம். வெளிச்சுவர் தெருவால் தடைபடலாம். அது எவருடைய குற்றமும் அன்று. உட்சுவரை நாமே எழுப்புகிறோம்.

சாளரம் திறந்த கதை

எங்கள் சிற்றாலயத்துக்குத் திரும்புகிறேன். இளைஞரை அழைத்து மிலான் ஆலயத்தைப் பற்றிச் சொன்னேன். ஆர்வத்துடன் கேட்டார்கள். பின்பு ஒரு சிக்கலை அவர்கள் முன் வைத்தேன். படத்திலுள்ள தொடுவானம் காண்பவருடைய கண்ணின் உயரத்தில் அமைந்தால்தான் படம் ஆழமாகத் தெரியும். மிலானில் பார்ப்பவர் வாசலில் நிற்கிறார். நம் மக்களோ திருப்பலியில் தரையில் அமர்கிறார்கள், முழந்தாளிடுகிறார்கள், எழுந்து நிற்கிறார்கள். எந்த உயரத்துக்குக் கடலை வரைவது? இளைஞர்கள் சிரித்துவிட்டார்கள். கடலும் மலையும் கைவிடப்பட்டன.

முதியவர் சொன்னதைச் செய்தோம். ஆண்டில் ஒரு நாள் மட்டும் தேவைப்படும் சப்பரம் பின்மூலையை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு வெளியே ஒரு கொட்டகை போட்டோம். பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகளும், தூசி படிந்த செயற்கைப் பூக்களும், உடைந்த மெழுகுதிரித் தண்டுகளும் வெளியேறின. தரை எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு அறை பெரிதாகத் தெரியும் என்பதை அன்று கண்டோம். இடுப்புயரம் வரை அடித்திருந்த கரும்பச்சைச் சாயம் சுவரை இரண்டாக வெட்டிக் கூரையைத் தாழ்த்திக் காட்டியது. அதைச் சுரண்டிவிட்டுத் தரை முதல் கூரை வரை ஒரே வெள்ளையாகப் பூசினோம். பின்சுவரில் பாடுபட்ட சுரூபம் ஒன்றை மட்டும் வைத்தோம்.

எஞ்சியது வடக்குச் சாளரம். அது ஏன் அடைக்கப்பட்டது என்று கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அடுத்த வீட்டாருக்கும் ஆலயக் குழுவினருக்கும் இரண்டு தலைமுறைக்கு முன் எழுந்த ஓர் எல்லைத் தகராறு. அந்தக் கோபத்தில் வைத்த செங்கற்கள் அவை. தகராறு செய்தவர்கள் இருதரப்பிலும் இறந்துவிட்டார்கள். செங்கற்கள் மட்டும் இருந்தன. நான்கு முறை அவ்வீட்டுக்குச் சென்றோம். முதல் இரண்டு முறையும் பேச்சுக்கே இடமில்லை. மூன்றாம் முறை ஆலயக் குழுவின் மூத்தவர் ஒருவர், தம் தந்தையின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நான்காம் முறை அவ்வீட்டுப் பெரியவர், "எங்க பக்கமும் தப்பு இருந்துச்சு, திறந்துக்கோங்க" என்றார்.

சாளரம் திறந்தது. காலை வெயில் பீடத்தின் பக்கத்தில் விழுகிறது, காற்று வருகிறது. அதற்கு அப்பால் அவ்வீட்டாரின் முற்றமும் ஒரு வேப்பமரமும் தெரிகின்றன. சில வாரங்களுக்குப் பின் அந்தப் பெரியவர் தாமாகவே ஒரு செய்தி அனுப்பினார். இடமில்லாமல் தெருவில் நிற்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தம் முற்றத்தில் அமரலாம் என்றார். இப்போது அங்கே பாய் விரித்து ஐம்பது பேர் இருக்கிறார்கள். சாளரம் வழியே அவர்களுக்குப் பீடம் தெரிகிறது; பீடத்திலிருந்து எனக்கு அவர்கள் தெரிகிறார்கள்.

ஆலயத்தின் அளவு மாறவில்லை. இன்றும் 30 அடிக்கு 16 அடிதான். திருவிழா நாள்களில் நெருக்கடி குறையவுமில்லை. என்றாவது ஒருநாள் பெரிய ஆலயம் வேண்டியிருக்கும். கட்டட நிதி தொடங்கியிருக்கிறோம். ஆனால் அன்று புதிய ஆலயத்துக்கு வரைபடம் போட அமரும்போது, எத்தனை அடி நீளம் என்று கேட்பதற்கு முன், அடைத்து வைத்திருக்கும் சாளரம் வேறு ஏதேனும் நம்மிடம் உண்டோ என்று கேட்டுக்கொள்வோம். வானமும் கொள்ளாத இறைவன் தம் வீட்டில் தங்குவாரோ என்று சாலமோன் அரசர் தம் பேராலயத்தில் நின்று வியந்தார். அவர் கட்டியது பெரிய ஆலயந்தான். அங்கேயே அந்த வியப்பு எழுந்தது என்றால், நம் சிற்றாலயத்தின் அளவை எண்ணி நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.